விருந்தாளிகளை வெயிலில் உட்கார வைத்தோம்

எண்பதுகளின் நடுவில், தாராவியில் எங்கள் சந்தில், பம்பாய்ப் பேச்சில் சொன்னால் கல்லியில், இருந்தவர்களுக்குக் கிழமை தெரிந்துகொள்ளக் காலண்டர் தேவைப்பட்டதில்லை. வாசலில் ஓடும் சாக்கடையை, அதாவது கட்டரை, பார்த்தால் போதும். பச்சை ஓடினால் செவ்வாய், நீலம் ஓடினால் வியாழன், சிவப்பு ஓடினால் சனி. எங்கள் வாப்பாவின் சாயக் கொட்டகையில் அன்றைக்கு எந்த நிறத்தில் நூல் நனைக்கிறார்களோ அந்த நிறம் அலசல் தண்ணீரோடு கட்டருக்கு வந்துவிடும். ஒருமுறை வாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து வேலை தள்ளிப்போனதில் பச்சை புதன்கிழமை ஓடியது. கட்டரை நம்பி அன்றைக்குச் செவ்வாய் விரதம் இருந்துவிட்ட மூலை வீட்டு அம்மா, கல்லிக்கே சித்தி, சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் வாசலில் நின்று வாப்பாவை ஏசிய ஏச்சு சயான் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த முஸ்லிம் குடும்பம் நாங்கள். கீழே கொட்டகை, மேலே வீடு, அதற்கும் மேலே சிமெண்ட் போட்ட மொட்டை மாடி. தையல் நூலுக்குச் சாயம் ஏற்றுவது வாப்பாவின் தொழில். யார் நூல் வாங்க வந்தாலும் ஒரு இழையை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துக் காட்டி, "துணி கிழிஞ்சாலும் கிழியும், எஞ்சாயம் போவாது" என்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு மகளாகப் பிறந்து, மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. முடித்து, அங்கேயே ஆராய்ச்சிக்கும் சேர்ந்து, நான் எடுத்துக்கொண்ட விஷயம் சாயத்தைப் போக வைப்பது எப்படி என்பது. உறவுக்காரர்கள் கேட்டால் உம்மா "என்னமோ கெமிஸ்ட்ரி" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள்.

விஷயம் இதுதான். வெள்ளைப் பெயின்ட்டிலும் முகப் பவுடரிலும் சேர்க்கிற டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளைத் தூள் ஒன்று இருக்கிறது. சும்மா கிடந்தால் அது பரம சாது. சாயத் தண்ணீரில் கலக்கி அதன்மேல் சூரிய ஒளியோ அதே குணமுள்ள விளக்கொளியோ படவிட்டால், தண்ணீரில் இருக்கும் சாயத்தைத் துண்டு துண்டாக உடைத்துப் போட்டுவிடும். தூள் செலவாகாது, எடுத்துக் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். இதை உம்மாவுக்குப் புரிகிற மாதிரி நான் சொன்னேன்.

"வெயில் பட்டா அந்தத் தூளுக்கு வெறி புடிச்சிரும் உம்மா. பக்கத்துல இருக்க சாயத்தப் புடிச்சிப் பிச்சி எறிஞ்சிரும்."

"அப்போ ஒன்ன மாதிரின்னு சொல்லு" என்றாள் உம்மா.

ஆய்வுக்கூடத்தில் முதல்முறை அது நடந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் தரையில் நிற்காது. விளக்கின் முன்னால் சிவப்புச் சாயத் தண்ணீரை வைத்துத் தூளைப் போட்டுக் கலக்கினேன். ரோஸ்மில்க் மாதிரி இருந்தது. கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரோஸ்மில்க் வெறும் பாலாயிற்று. தூளை மிஷினில் சுற்றிப் பிரித்ததும் குடிதண்ணீர் மாதிரித் தெளிவாக நின்றது. நான் வராந்தா முழுக்க ஓடினேன். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தோட்டக்காரரிடம் சொன்னேன். பஸ்ஸில் உட்கார முடியும் என்று தோன்றவில்லை, கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி சயான் வழியாக நடந்தே வீட்டுக்குப் போனேன். வழியில் பூக்கடைகளில் இருந்த சிவப்பு ரோஜாக்களையெல்லாம் பார்த்து, உங்களையும் வெளுத்துவிடுவேன் என்று மனதுக்குள் மிரட்டிக்கொண்டே போனேன்.

அந்த வருஷம் மழை ஊற்று ஊற்றென்று ஊற்றியது. கட்டர் பொங்கி, சனிக்கிழமைச் சிவப்பு மூலை வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. சித்தியின் புருஷனுக்கு ரயில்வேயில் வேலை. ஊறப்போட்டிருந்த அவருடைய வெள்ளைச் சட்டைகள் எல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டன. மறுநாள் அவர் ரோஸ் சட்டையோடு டிக்கெட் பரிசோதிக்கப் போனார். தாதரில் ஒரு பயணி அவரிடம் டிக்கெட் காட்ட மறுத்து, "நீங்க யாரு, பேண்டு வாசிக்கிறவரா?" என்று கேட்டாராம். அன்றைக்கே சித்தி கல்லிச் சங்கத்தில் புகார் கொடுத்தாள்.

மழை முடிந்ததும் சங்கம் கூடியது. இனி கட்டரில் நிறம் ஓடக்கூடாது, ஓடினால் கொட்டகையை இங்கிருந்து எடுத்துவிட வேண்டும் என்று தலைவர் சொன்னார். அவர் ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, நியாயமானவர், வாப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். வாப்பா ஒத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்:

"பாண்டுப்ல நம்ம சொந்தக்காரன் எடம் ஒண்ணு சும்மா கெடக்கு. கொட்டகையும் வீடும் அங்க போயிரலாம். ஆனா அங்கேர்ந்து ஒன்ன தெனமும் ரயில்ல தனியா அனுப்ப மாட்டேம்மா. படிச்ச மட்டும் போதும். அந்தால நிறுத்திக்கிடலாம்."

நிறுத்திக்கொள்வதாவது! எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. சாப்பிட்ட கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் சங்கத் தலைவர் வீட்டுக்குப் போனேன். சித்தியும் அங்கேதான் இருந்தாள். "கட்டர்ல கலரே இல்லாம நாங்க தண்ணி விடுதோம். ஒங்க எல்லார் கண்ணு முன்னாடியும் செஞ்சு காட்டுதேன்" என்றேன். சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அரே, சாயத்தண்ணியில சாயத்த எடுத்துருவியா? என்னத்தப் போட்டு எடுப்ப?"

"வெயிலப் போட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். ஆனாலும் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறோம் என்று நாள் குறித்துக் கொடுத்தார்.

நூலிலிருந்து கடைசியாக அலசிவரும் இளநிறத் தண்ணீர்தான் கட்டருக்குப் போகிறது என்பதால் வேலை சாத்தியம் என்று என் பேராசிரியர் சொன்னார். அவர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். மெதுவாகப் பேசுவார், சிரிப்பை மட்டும் அடக்கத் தெரியாது. மொட்டை மாடியில் அகலமான தகரத் தட்டுகளை வரிசையாக வைத்து, தண்ணீரை ஒரு விரல் ஆழத்துக்கு ஊற்றி, தூளைப் போட்டு, குச்சியால் அவ்வப்போது கலக்கிவிட்டோம். பம்பாயின் அக்டோபர் வெயில் சும்மா இருக்குமா? சாயங்காலத்துக்குள் ரோஸ்மில்க் பாலாகிவிட்டது. வாப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில், தூள் அடியில் தங்கும் முன்பே அத்தனையையும் கட்டரில் கொட்டிவிட்டார்.

கட்டரில் பால் ஓடியது. பால்காரரின் கேன் கவிழ்ந்துவிட்டது என்று யாரோ கத்த, கல்லியே சொம்போடு வெளியே வந்தது. எங்கிருந்துதான் வந்தனவோ அத்தனை பூனைகள். எல்லாம் நக்கிப் பார்த்துவிட்டு, ஏமாற்றிவிட்டீர்களே என்பதுபோல எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொம்புகளைத் திருப்பி அனுப்பினேன். அதன்பிறகு கொட்டகையில் இருந்த படிகாரத்தைக் கொஞ்சம் கரைத்து ஊற்றித் தூளை அடியில் தங்கவைத்து, மேல் தண்ணீரை மட்டும் விடுவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

அந்த ஞாயிறு வந்தது. விடிந்ததும் தட்டுகளை நிரப்பி வைத்தேன். ஒன்றை மட்டும் பலகை போட்டு மூடினேன். வெயில் படாவிட்டால் நிறம் போகாது என்று எல்லோருக்கும் காட்டுவதற்காக அது. ஆட்கள் மத்தியானம் வருவார்கள், அதற்குள் பாதி வெளுத்திருக்கும், மீதி அவர்கள் கண் முன்னால் வெளுக்கும் என்பது என் கணக்கு. பேராசிரியர் வருவதாகச் சொல்லியிருந்தார். தாராவிக்குள் அவருக்கு வழி தெரியாது என்பதால் அழைத்துவர உடனே மாட்டுங்காவுக்குக் கிளம்பிப் போனேன். அவர் நிதானமாகக் காபி குடித்து, நிதானமாகச் செருப்பு மாட்டி, நிதானமாக நடந்து வந்தார்.

மாடி ஏறிப் பார்த்தால், அங்கே வானத்தைக் காணவில்லை.

மாடி முழுக்கப் பந்தல். சிவப்பும் மஞ்சளும் பட்டை போட்ட கனமான துணி, ஓரங்களில் சரிகைத் தொங்கல், மூங்கிலில் சுற்றிய காகிதப் பூ. நிக்காஹ் வீடு தோற்றுப் போகும். பந்தலுக்குக் கீழே நாற்காலிகளில் சங்கத்தார். நடுவில், குளுகுளுவென்ற நிழலில், என் தட்டுகள். காலையில் ஊற்றியபோது எப்படி இருந்தனவோ அப்படியே ரோஸ்மில்க்காக இருந்தன. பலகை போட்டு மூடிய தட்டுக்கும் மற்றவற்றுக்கும் இம்மிகூட வித்தியாசம் இல்லை.

வாப்பா புதுச்சட்டை போட்டு, வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"வாப்பா, என்ன காரியம் செஞ்சிய!"

"ஏம்மா? ஒங்க சாரு மொதமொதல்ல நம்ம வீட்டுக்கு வாராவ. தலைவர் வாராவ. இந்த வெயில்ல உக்கார வச்சா நல்லாவா இருக்கும்? மனுசன்னா ஒரு மரியாத வேண்டாமா?"

பேராசிரியர் தட்டுகளைப் பார்த்தார், பந்தலைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார். "ரியாக்‌ஷனுக்குக் கல்யாணமே பண்ணிட்டேளே!" என்றவர் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டார்.

சித்தி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "எங்க கலரு போச்சு? எனக்கொண்ணும் போன மாதிரித் தெரியலயே" என்றாள். தலைவர் சங்கடத்தோடு கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு நிமிஷம் பாண்டுப்பும் ரயிலும் மூடி வைத்த புத்தகங்களும் கண்ணுக்கு முன்னால் வந்தன. பயந்துபோனேன் என்று சொன்னால் குறைவு. அந்தப் பயம் அப்படியே கோபமாக மாறியது. கொட்டகையில் நூல் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துவந்து நாற்காலிமேல் ஏறி, பந்தல் கயிறுகளை வெட்டினேன்.

"ஏளா, வாடகப் பந்தலுளா, மண்டப்காரனுக்கு என்னளா பதில் சொல்லுவேன்!" என்று வாப்பா கத்தினார். பேராசிரியர் தான் பிடித்திருந்த மூங்கிலை விடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். ஒரு பக்கத் துணி தலைவர்மேல் மொத்தமாக விழுந்தது. உள்ளேயிருந்து, "நான் இங்க இருக்கேன்! நான் இங்க இருக்கேன்!" என்று சத்தம் வந்தது. அவரை வெளியே எடுத்தபோது முடியெல்லாம் ஜிகினா. மறு பக்கத்தையும் இழுத்துப் போட்டோம். அக்டோபர் வெயில் சுள்ளென்று மாடியில் இறங்கியது.

பிறகு நடந்ததை எந்த விருந்தாளியும் மன்னிக்க மாட்டார். அவர்களை நான் வெயிலிலேயே உட்கார வைத்தேன். தலைவர் குடையை விரித்தார். நிழல் தட்டில் விழுந்தது. "குடைய மடக்குங்க!" என்று கத்தினேன். மடக்கிவிட்டார். யாராவது எழுந்து சோம்பல் முறித்தால், "நிழலு! நிழலு!" என்றேன். ஒருவர் தட்டுக்குப் பக்கத்தில் குனிந்து பார்க்கப்போய் என்னிடம் அதட்டு வாங்கினார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எல்லோரும் சுவரோரமாக ஒடுங்கினார்கள். நான் குச்சியோடு தட்டுக்குத் தட்டு ஓடிக் கலக்கினேன்.

விருந்தாளிகள் வாடுகிறார்களே என்று உம்மா பெரிய ஜக்கில் ஏதோ கரைத்து எடுத்துவந்து டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்தாள். ரோஸ்மில்க். தலைவர் டம்ளரைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், திரும்ப டம்ளரைப் பார்த்தார். யாரும் குடிக்கவில்லை. "ரப்பே, பால்ல செஞ்சதுதாங்க!" என்று உம்மா தானே ஒரு டம்ளரை மடமடவென்று குடித்துக் காட்டினாள். அதற்குப் பிறகும் பேராசிரியர் ஒருவர்தான் துணிந்தார்.

நிறம் இறங்கத் தொடங்கியது. ரோஸ்மில்க் வெளிர் ரோஸாயிற்று. சுவரோரத்திலிருந்து கழுத்துகள் நீண்டன. சித்தி நாற்காலியை விட்டு எழுந்து, நான் சொல்லாமலே நிழல் விழாத பக்கமாகச் சுற்றிவந்து நின்றாள். இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான் என்று நான் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தபோது, எதிர் வீட்டு மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கள் சுவரைத் தாண்டி மெல்ல முதல் தட்டின்மேல் ஏறியது.

தட்டுகளைத் தூக்கினால் தண்ணீர் சிந்தும். நகர்த்த இடமும் இல்லை. எதிர் வீட்டுத் தொட்டியைக் கத்தரிக்கோலால் வெட்டவும் முடியாது. நான் குச்சியைப் பிடித்தபடி நின்றேன். எனக்கு அழுகை முட்டியது.

உம்மா கீழே இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது கையில் எங்கள் வீட்டு சஹன்கள் இருந்தன. கல்யாண வீடுகளில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற அகலத் தட்டுகள் அவை. புளி போட்டு உம்மா தேய்த்த தேய்ப்பில் முகம் பார்க்கலாம். ஒன்றை எடுத்து வெயில் விழும் பக்கமாகச் சாய்த்தாள். பளிச்சென்று ஒரு வட்டம் சுவரில் விழுந்து, தலைவர் முகத்தில் ஏறி, அவர் "யம்மா" என்று கண்ணைப் பொத்த, தத்தித் தத்தி வந்து நிழல் விழுந்த தட்டில் நின்றது.

"இப்படித்தானளா? வெயிலு எங்கேர்ந்து வந்தா அதுக்கென்ன?"

பேராசிரியர் சிரிப்பதை நிறுத்தினார். "சரிதான்! சரிதான்! இன்னொண்ணு கொண்டாங்கோ!" என்று அவரே ஒரு சஹனைப் பிடித்துக்கொண்டார். வாப்பா ஒன்று, தலைவர் ஒன்று. தலைவருக்குக் கை நடுங்கியதால் அவருடைய வெயில் வட்டம் தட்டைத் தவிர எல்லா இடத்துக்கும் போய்வந்தது. இதைச் சித்தியால் பொறுக்க முடியவில்லை.

"என்னய்யா புடிக்கிய நீரு! ஆட்டாமப் புடிக்கத் தெரியாதா? இங்கன கொண்டாரும்!" என்று பிடுங்கிக்கொண்டாள். சேலையை இடுப்பில் செருகி, காலை அகட்டி நின்று அவள் பிடித்த பிடியில் வட்டம் ஆணி அடித்த மாதிரி நின்றது. "ஏட்டி, அங்க ஓரத்துல இன்னும் ரோஸு தெரியி. நல்லாக் கலக்குட்டி!" என்று என்னை விரட்டினாள். பிறகு மாடி விளிம்புக்குப் போய் எதிர் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, "ஒங்க தொட்டிதான மறைக்கி? பீரோக் கண்ணாடியக் கொண்டாந்து புடிங்க, ஜல்தி!" என்றாள். அவர்களும் கேள்வி கேட்காமல் கொண்டுவந்தார்கள். எங்கள் மாடியில் அன்றைக்கு நாலு பக்கத்திலிருந்தும் வெயில் அடித்தது. நான் ஓடி ஓடிக் கலக்கினேன். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தோம். அதைவிடச் சந்தோஷமான ஒரு பிற்பகல் என் ஆயுளில் வந்ததில்லை.

கடைசித் தட்டும் பாலாயிற்று. படிகாரம் கரைத்து ஊற்றிக் காத்திருந்தோம். தூள் அடியில் இறங்கியது. கண்ணாடி டம்ளரில் மேல் தண்ணீரை மொண்டு தலைவரிடம் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பலகை போட்டு மூடியிருந்த தட்டையும் திறந்து காட்டினேன். அது காலையில் ஊற்றிய நிறத்திலேயே இருந்தது. வாப்பா டம்ளரை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அவர் கண்கள் நிறைந்துவிட்டன.

"போயிருச்சு" என்றார். வேறு வீடுகளில் பரீட்சை முடிவு 'வந்துருச்சு' என்று சொல்கிற குரலில் அதைச் சொன்னார்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப கொட்டகை இங்கனயே இருக்கட்டும்" என்றார்.

"நில்லுங்க" என்றாள் சித்தி. சஹனை இன்னும் கீழே வைக்கவில்லை. "இத நாளைக்கு யாரு செய்வா? அண்ணாச்சியா? அவுக பந்தலப் போட்டு மூடிருவாக. இந்தப் புள்ளைக்குத்தான் வெவரம் தெரியும். அதனால சங்கத்துல சொல்லிப்புடுதேன், எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இவ படிக்கப் போற வரைக்கும் கொட்டக இங்கன இருக்கலாம். இவ படிப்ப என்னைக்கு நிறுத்துதியளோ, அன்னைக்கே கொட்டகைய எடுத்துரணும்."

தலைவர் சங்கத்தாரைப் பார்த்தார். வெயிலில் வதங்கிப்போயிருந்த அத்தனை தலைகளும் ஆடின. வாப்பா என்னைப் பார்க்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகப் பேராசிரியரிடம் போனார்.

"சார், இவ இன்னும் என்னல்லாம் படிக்கலாம்?"

"இப்போ பண்றதை முடிச்சா டாக்டர் பட்டம்."

"அது முடிஞ்சதும்?"

"அதுக்கப்புறமும் ஆராய்ச்சி பண்ணலாம். வெளிநாட்டுக்குக்கூடப் போகலாம்."

"சரி சார்" என்று வாப்பா தலையாட்டினார். "அதுவும் முடிஞ்சதும்?"